பம்பிங் குறைவும் சுகரும் சேர்ந்து வந்தால்: வீட்டில் முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று சாயங்காலம், அம்மா இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதய மருத்துவர் கொடுத்த தாளில், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்று எழுதியிருந்தது. பல வருடமாக பீரோவில் கிடந்த சர்க்கரை நோய் அறிவுரைத் தாளில், நிறையத் தண்ணீர் குடியுங்கள், பசித்தால் மோர் குடியுங்கள் என்று இருந்தது. “எதைடா கேக்குறது?” என்றார் அம்மா. எனக்கும் தெரியவில்லை.

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் ஒன்றுதான். இதயச் செயலிழப்பும் (இதயம் நின்றுபோவது இல்லை, உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் போவது) சர்க்கரை நோயும் ஒரே உடம்பில் இருக்கும்போது, ஒன்றுக்குச் சொன்ன நல்ல யோசனை இன்னொன்றுக்குக் கெடுதலாகிவிடலாம். அதனால் இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்க்கக் கூடாது. ஒரே நோட்டு, ஒரே கணக்கு. புதிதாக இந்த நிலைக்கு வந்திருக்கும் குடும்பத்துக்கு, எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரின் வேலை. அவர் பார்க்காத மற்ற நாட்கள் எல்லாம் நம் பொறுப்பு.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இஎஃப்’ என்று ஒரு எண் இருக்கும். அதைத்தான் எல்லோரும் பம்பிங் என்கிறோம். அப்பாவுக்கு அது 30 சதவீதம். “அப்போ 70 சதவீதம் போயிடுச்சா?” என்று சித்தப்பா கேட்க, வீடே அழுதது. அந்த எண்ணுக்கு அப்படி அர்த்தமில்லை. இதயத்தின் இடது கீழறையில் நிறைந்திருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் அது. நல்ல இதயமே 55 முதல் 70 சதவீதம் வரைதான் தள்ளும். இன்னொன்று, பம்பிங் எண் சரியாக இருந்தும் இதயத் தசை விறைத்துப்போனதால் இதே நோய் வருபவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள்.

இதயம் சரியாகத் தள்ளாதபோது சிறுநீரகம், ரத்தம் குறைவாக வருகிறதே என்று உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர்தான் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் மூச்சுத் திணறலாகவும் வருகிறது. இந்த நீரைக் கண்காணிப்பதில்தான் வீட்டு வேலையில் பாதி இருக்கிறது.

எடை மெஷின்: முதல் செலவு இதுவாக இருக்கட்டும்

டிஜிட்டல் மெஷின் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பாய் மேலும் கார்பெட் மேலும் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். காலையில் எழுந்ததும், சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், அதே மாதிரி உடையில் ஏற வேண்டும். அப்பா வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு ஏறுவார். வந்த எண்ணை உடனே எழுதிவிட வேண்டும். தினசரி காலண்டர் தாளில் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவோம். மாதக் காலண்டரில், அந்தந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதுங்கள். மாதம் முழுக்க ஒரே பார்வையில் தெரியும்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஒரு ராத்திரியில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் இரண்டு கிலோவோ ஏறினால், அது சதை போட்டதாக இருக்க முடியாது. நீர் கோத்திருக்கிறது. மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவருக்கு போன் செய்யுங்கள். சில மருத்துவர்கள், ‘இத்தனை கிலோ ஏறினால், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையை இப்படிக் கூட்டிக்கொள்ளுங்கள்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். முதல் விசிட்டிலேயே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் உடம்பு இளைக்கும். சில சுகர் மாத்திரைகளும் எடையைக் குறைக்கும். சதை குறைந்துகொண்டே நீர் ஏறினால் மெஷின் அதே எண்ணைத்தான் காட்டும். அதனால் மெஷினோடு நின்றுவிடாமல் இன்னும் சிலவற்றையும் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி நின்றால் நீர் இருக்கிறது. படுக்கும்போது எத்தனை தலையணை என்று எண்ணுங்கள். ஒன்றில் படுத்தவர் இரண்டு கேட்டால் அது செய்தி. குனிந்து செருப்பு வாரைப் போடும்போது மூச்சு முட்டுகிறதா, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா, ராத்திரி படுத்தால் மட்டும் இருமல் வருகிறதா என்று கேளுங்கள். அப்பா ஒரு தடவை நடுராத்திரி எழுந்து ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “புழுக்கமா இருக்கு” என்றார். அது புழுக்கம் இல்லை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

தண்ணீரும் தாகமும்

தண்ணீர் அளவு எல்லோருக்கும் ஒன்று கிடையாது. மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். வெயில் காலத்தில் அதே அளவு சரியா என்று திரும்பக் கேளுங்கள். சொல்லியிருந்தால், காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். எங்கள் வீட்டில் செய்யும் வழி இது: காலையில் ஒரு நாளுக்கான தண்ணீரை பாட்டிலில் நிரப்பி வைப்போம். அப்பா ஒரு டம்ளர் காபி குடித்தால், அதே டம்ளர் அளவு தண்ணீரை பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவோம். பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் மிச்சக் கணக்கு. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

திடீரென்று அடங்காத தாகம் எடுத்தால் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். சுகர் ஏறினால் தாகம் எடுக்கும். தாகத்துக்குக் குடித்துக்கொண்டே போனால் அந்த நீர் காலுக்கும் நெஞ்சுக்கும் போகும். இங்கே சரிசெய்ய வேண்டியது சுகரைத்தான். மற்ற நேரத்தில் வாயைக் கொப்பளித்துத் துப்புவது, ஒரு சின்ன ஐஸ் கட்டியை வாயில் வைப்பது, நெல்லிக்காய்த் துண்டை மெல்லுவது எல்லாம் உதவும்.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க வருகிற எல்லோரும் அன்போடு வாங்கி வருவது அதுதான். ஆனால் அதில் நீரும் உண்டு, சர்க்கரையும் உண்டு, பொட்டாசியமும் நிறைய உண்டு. இதயத்துக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன், ராமிபிரில், டெல்மிசார்டன், சாக்குபிட்ரில்-வால்சார்டன் போன்ற மாத்திரைகள் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மருத்துவரைக் கேட்காமல் இளநீர் வேண்டாம்.

உப்பு

உலக சுகாதார நிறுவனம் சாதாரண ஆட்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், உப்பு பாக்கெட் போதும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர், பிரெட், பிஸ்கட்டில் இருப்பது இதில் சேராது. பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதியை எழுதிவையுங்கள். நாலு பேருக்கு அந்தப் பாக்கெட் ஐம்பது நாளாவது வர வேண்டும்.

நோயாளிக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாகச் சமைப்பது இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாது. சமைப்பவருக்கு அலுத்துவிடும், சாப்பிடுபவருக்குத் தண்டனையாகத் தோன்றும். அம்மா வீட்டுக்கே உப்பைப் படிப்படியாகக் குறைத்தார். ஒரு மாதத்துக்குள் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஓட்டல் சாம்பார் எங்களுக்குக் கரிக்கிறது. உப்பு குறையும் இடத்தில் எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, கொத்தமல்லி கை கொடுக்கும். புளியைக் கூட்டினால் மட்டும் கவனமாக இருங்கள், புளிப்பு ஏற ஏற உப்பைக் கை தானாகத் தேடும்.

இட்லி ஆரோக்கியமான உணவு என்று நாம் நினைக்கிறோம். மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, பொடியில் உப்பு என்று ஒரு தட்டில் நாலு இடத்தில் இருக்கிறது. தொட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று மட்டும் வைத்தால் பாதி குறைந்துவிடும். கருவாடு, மோர் மிளகாய், வத்தல், ஊறுகாய் நான்கும் வீட்டில் இல்லாமல் இருப்பதே நல்லது. கண்ணில் பட்டால் கை போகும்.

இந்துப்பும் கல் உப்பும் சோடியம்தான், அவற்றுக்கு மாறுவதால் லாபம் இல்லை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இளநீருக்குச் சொன்னதே அதற்கும். வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டால் பொங்கும் பொடியிலும், பொங்கும் மாத்திரைகளிலும் சோடியம் ஏராளம்.

சோறு பற்றி நீட்டி எழுதவில்லை. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறோ சப்பாத்தியோ, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன். கேழ்வரகுக் கஞ்சியைச் சுகருக்கு மருந்து போல நினைத்துச் சொம்பு நிறையக் குடிக்க வேண்டாம். அதுவும் மாவுச்சத்துதான், போதாததற்குத் தண்ணீர்க் கணக்கிலும் ஏறும்.

சுகர் இறங்கினால்

ஏறிய சுகரைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறோம். இதய நோய் உள்ளவருக்கு அவசர ஆபத்து இறங்கிய சுகர். 70க்குக் கீழே போனால் லோ சுகர். சாதாரணமாகக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். ஆனால் இதயத்துக்காகக் கொடுக்கும் மெட்டோபிரோலால், பிசோபிரோலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகள் அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். மறையாமல் மிஞ்சுவது வியர்வை. ராத்திரி பனியன் நனைந்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ உடனே விரலில் குத்திப் பாருங்கள்.

70க்குக் கீழே இருந்தால், அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு இட்லியோ பிஸ்கட்டோ கொஞ்சம் சாப்பிடட்டும். குளுக்கோஸ் இல்லாவிட்டால் வீட்டுச் சர்க்கரை போதும், ஆனால் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

வியர்த்து ஊற்றுகிறது, ஆனால் மீட்டரில் சுகர் சரியாக இருக்கிறது என்றால் அது இன்னும் பெரிய எச்சரிக்கை. சர்க்கரை நோய் பல வருடம் இருந்தவர்களுக்கு நரம்பு மரத்துப்போய், மாரடைப்பே வலியில்லாமல் வரும். வியர்வை, வாந்தி வருகிற மாதிரி, திடீர்ச் சோர்வு, மூச்சு முட்டல் இவை மட்டுமே இருக்கலாம். வாயு என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள்.

வயதானவருக்கு, இதயமும் பலவீனமாக இருந்தால், எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எண்ணை மிகவும் கீழே இறக்க வேண்டியதில்லை என்று மருத்துவர்களே சொல்வார்கள். 7க்கும் 8க்கும் இடையில் எங்கே நிறுத்துவது என்று கேட்டு, உங்களுக்கான எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்கு வேண்டாம்.

மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் படியுங்கள்

முழங்கால் வலிக்கிறது என்று அப்பா, மருந்துக்கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நாலாவது நாள் மெஷினில் மூன்று கிலோ கூடியிருந்தது, கால் பளபளவென்று வீங்கியிருந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரையால் ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்கு இது இரட்டை அடி. சாதாரண வலிக்கு என்ன போடலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது பாராசிட்டமால். ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் சுகரை ஏற்றும், நீரையும் சேர்க்கும். மூக்கடைப்புக்கு விற்கும் சில மாத்திரைகள் பிரஷரை ஏற்றும்.

சுகர் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். பியோகிளிட்டசோன் நீரைத் தேக்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது. ஆனால் கிளிமெபிரைடு, மெட்ஃபார்மினோடு இதையும் சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்து விற்பது நம் ஊரில் சகஜம். பட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். சாக்ஸாகிளிப்டினும் இதயச் செயலிழப்பை அதிகமாக்கக்கூடியது. இந்த இரண்டில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், மாற்று வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. சர்க்கரைக்காகக் கண்டுபிடித்த டாபாகிளிஃப்ளோசின் இதயச் செயலிழப்புக்கும் உதவுகிறது என்று 2019இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. எம்பாகிளிஃப்ளோசினுக்கும் அடுத்த வருடம் அதே முடிவு வந்தது. டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020 அக்டோபரில் முடிந்தபின் பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து, விலை இறங்கிவிட்டது. உங்கள் சீட்டில் இது இல்லாவிட்டால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள். இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். அதனால் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை நிறையக் காட்டும், பதற வேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். சாப்பிடாமல் இருக்கும் நாளிலும், அறுவைச் சிகிச்சைக்கு முன்னாலும் இதை நிறுத்த வேண்டியிருக்கும். ஏகாதசி, அமாவாசை, நோன்பு எதுவானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல உதவி. ஆனால் ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றியிருந்தால், வருகிறவரிடம் புதிய சீட்டைக் காட்டுங்கள். பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் சேர்ந்து உள்ளே போவது இப்படித்தான் நடக்கிறது.

கால், நடை

வீக்கமும் மரத்துப்போதலும் சேர்ந்தால் காலில் புண் வருவது தெரியாது. ராத்திரி படுக்கும்முன் இன்னொருவர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு. துடைத்து உலர்த்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். வீங்கிய காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், சுடுவதே தெரியாமல் கொப்பளித்துவிடும். வீட்டுக்குள்ளும் எம்சிஆர் செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) போடுங்கள். செருப்பைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், வீக்கம் அப்போதுதான் அதிகம்.

மருத்துவர் சரி என்றதும் சமதரையில் நடக்கத் தொடங்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு திக்கினால் வேகம் அதிகம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். எடை ஏறிய நாளில் நடை வேண்டாம்.

காய்ச்சல், வாந்தி, பேதி வந்த நாட்கள்

இந்த நாட்களில்தான் வழக்கமான மாத்திரைகளே தொல்லை செய்யும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள் என்பதை அன்றே போனில் கேளுங்கள். சாப்பிடவில்லை என்று இன்சுலினை முழுக்க நிறுத்திவிடாதீர்கள், அளவு மாறலாம், அதையும் கேட்க வேண்டும். ஓஆர்எஸ் கூட கேட்டுவிட்டுத்தான், அதில் உப்பும் சர்க்கரையும் இருக்கின்றன. டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவருக்கு வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு இருந்தால், மீட்டரில் சுகர் சாதாரணமாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஃப்ளூ தடுப்பூசியை வருடம் ஒரு தடவையும், நிமோனியா தடுப்பூசியை மருத்துவர் சொல்கிற கணக்கிலும் போட்டுவிடுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாதது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருவது, நெஞ்சு அழுத்தம், மயக்கம், உதடு நீலமாவது: இவற்றில் எது வந்தாலும் 108. படுக்க வைக்காமல் சாய்ந்து உட்கார வையுங்கள். அந்த எண்ணையும் வீட்டு அடையாளத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே வாயில் வராது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாள்

காலண்டரைக் கழற்றி எடுத்துப் போங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுகர் நோட்டு, கடைசி எக்கோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் ரிப்போர்ட்டுகள் ஒரே ஃபைலில் இருக்கட்டும். நீர் மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ மாற்றினால், இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இதய மருத்துவர் எழுதியதைச் சர்க்கரை மருத்துவரிடமும், அவர் எழுதியதை இவரிடமும் காட்டுங்கள். அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். அந்த வேலை நம்முடையது.

மாத்திரைகளின் பெயரை ஒப்பிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் அத்தனை பட்டைகளையும், வலி மாத்திரை, சூரணம், லேகியம் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு அப்படியே எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார். போன மாதம் அந்தப் பையின் அடியிலிருந்து, ஒரு வருடத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்ன மாத்திரைப் பட்டை ஒன்று வந்தது. இரண்டு மாத்திரை காலியாக இருந்தது. மருத்துவர் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அப்பாவிடம் எப்போது சாப்பிட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார்.